குடில் பெட்டிக்குள் ஒரு கடுதாசி

அந்தப் பேப்பர மடிச்சு வச்சிரு தாயி. கோவிச்சுக்கிடாத. நீ பஸ்ஸுல ஏறுனதுல இருந்து பாத்துக்கிட்டே வாரேன், இங்கிலீசு பேப்பர ஒரு எழுத்து விடாமப் படிக்கே. தலைப்ப மட்டும் பாத்துட்டு மடிச்சு விசிறிக்கிற ஆளு இல்ல நீ. அதான் கேக்கேன். எங்க எறங்கணும்? திருச்செந்தூரா? நல்லதாப் போச்சு. இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு. நான் அதையும் தாண்டி மணப்பாடு போறேன்.

எனக்கு ஒரு கடுதாசி படிச்சுச் சொல்லணும். இங்கிலீசுக் கடுதாசி. இப்ப வேண்டாம், இப்ப வேண்டாம், கைய நீட்டாத. முதல்ல நான் சொல்லுதத முழுசும் கேளு, பொறவு படி. மொட்டையாப் படிச்சா நீ பாட்டுக்கு ஒரு தேதியச் சொல்லிருவ. அந்தத் தேதியிலதான் என் உசுரு தொங்குது. பயம். ஒம்பது மாசமா என்னத் தின்னுக்கிட்டிருக்கு.

எங்க தெருவுல இங்கிலீசு தெரிஞ்சவங்க வீட்டுக்கு ரெண்டு பேரு இருக்காவ. இல்லன்னு சொல்லல. ஆனா ஒருத்தர்கிட்ட குடுத்தாப் போதும், சாயங்காலத்துக்குள்ள மீன் வாங்க வந்தவ வரைக்கும் தெரிஞ்சிரும். நீ வேத்தாளு. உன்ன எனக்குத் தெரியாது, என்ன உனக்குத் தெரியாது. எறங்கி உன் சோலியப் பாக்கப் போயிருவ. பேரு கூடக் கேக்க மாட்டேன்.

என் பேரு பிரிஜித்து. தூத்துக்குடிதான். வார பிப்ரவரி வந்தா அறுபத்தொம்பது. எங்க அண்ணனுக்கு இன்னைக்கு முப்பதாம் நாள் பூசை, அதுக்குத்தான் போறேன். இன்னாசி அண்ணன். இங்கிலீசு வாத்தியாரு. மணப்பாட்டுல பொண்ணு கட்டி, அங்கனயே பள்ளிக்கூடத்துல வேல பாத்து, அங்கனயே செத்தும் போனாவ. இன்னாசி கர்வாலோ. என்னக் கேட்டா, நான் பொறந்தது வாஸ் குடும்பம். கவனிச்சியா? அம்மா ஒருத்தி, அப்பா ரெண்டு. அங்கனதான் இந்தக் கதை தொடங்குது.

அண்ணனோட அப்பா சந்தியாகு கர்வாலோ. கப்பல்ல பண்டாரி. பண்டாரின்னா கப்பல் சமையக்காரரு. என் அப்பா கஸ்பார் வாஸ், அதே கப்பல்ல அடியில, இஞ்சின் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுற வேல. ரெண்டு பேரும் ஒரே தெரு, ஒரே தோஸ்து. ரெண்டாவது பெரிய சண்ட நடக்கையில கொழும்புல போயி கப்பல் ஏறுனாவ. வெள்ளக்காரனுக்குச் சாமான் ஏத்திப் போற கப்பல். பேரு என் வாயில நுழையாது. அப்ப அண்ணனுக்கு ரெண்டு வயசு கூட ஆகல.

நாப்பத்திரெண்டு நவம்பர்ல கப்பல எதிரி அடிச்சுட்டான். முங்கிருச்சு. கம்பெனிக்காரன் எங்கம்மாவுக்கு ஒரு காயிதம் போட்டான், ‘ஆளக் காணல’ன்னு. செத்துட்டான்னு போடல தாயி. காணலன்னுதான் போட்டான். எங்கம்மா மதலேனுக்கு அப்ப இருவத்தோரு வயசு.

அடுத்த வருசம் நடுவுல எங்கப்பா வந்து சேந்தாவ. எலும்பும் தோலுமா. ஒரு படகுல பதினோரு நாள் கெடந்து, எவனோ காப்பாத்தி, எங்கெங்கயோ சுத்தி வந்தாவ. வந்த அன்னைக்கே அம்மா வீட்டு வாசல்ல நின்னு அழுதாவளாம். அம்மா சொல்லுவா. அதுக்கு அப்புறம் தெனமும் வருவாவ. அரிசி கொண்டாருவாவ, அண்ணனத் தூக்கி வச்சுக்கிடுவாவ. ஊரு பேச ஆரம்பிக்குமுன்ன கட்டிக்கிடுவோம்னு முடிவு பண்ணிட்டாவ. இதுல தப்பு ஒண்ணும் இல்ல. கைப்பிள்ளையோட ஒருத்தி எத்தன நாளைக்கு ஒத்தையில கெடப்பா?

ஆனா பங்குச்சாமி ஒத்துக்கிடல. அந்தக் காலத்துச் சாமியாரு, கல்லு. ‘காணாமப் போனவன் வேற, செத்தவன் வேற. சாவுக்குச் சாட்சி இல்லாம ஓலை வாசிக்க மாட்டேன்’னு சொல்லிட்டாவ. உங்களுக்கு ஓலைன்னா தெரியுமோ என்னமோ. எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயித்துக்கிழம பூசையில வாசிப்பாவ. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிஞ்சா வந்து சொல்லுங்கன்னு. அந்த ஓலை இல்லன்னா கல்யாணம் இல்ல.

அப்ப எங்கப்பா என்ன செஞ்சாவ? ‘நானே சாட்சி’ன்னு முன்னால போய் நின்னாவ. நாப்பத்திமூணு நவம்பர் கடைசியில, வேதப்புத்தகத்து மேல கைய வச்சு, ‘சந்தியாகு தண்ணியில முங்கிப் போனத என் ரெண்டு கண்ணால பாத்தேன்’னு சத்தியம் பண்ணுனாவ. சாமி எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாவ. கிறிஸ்மஸுக்கு முந்துன நாலு வாரம் திருவருகைக் காலம், அப்ப கல்யாணம் கிடையாது. அதனால கிறிஸ்மஸ் முடிஞ்சு, நாப்பத்திநாலு சனவரி ரெண்டு, ஒம்பது, பதினாறு, மூணு ஓலை. இருவத்திநாலாந்தேதி கல்யாணம். அடுத்த வருசம் நான்.

இதெல்லாம் எப்படி இவ்வளவு சுத்தமாச் சொல்லுதேன்னு பாக்கியா? ஒம்பது மாசமா வேற என்னத்த நெனச்சேன் நான்?

முள்ளக்காடு தாண்டிட்டா? சரி, கேளு.

எங்கப்பா தங்கம் தாயி. அண்ணன ஒரு நாளும் வேத்துப் பிள்ளையா நடத்துனதில்ல. எனக்கு ஒரு சட்டைன்னா அண்ணனுக்கு ரெண்டு. கர்வாலோங்கிற பேர மாத்தவும் விடல. ‘அவன் அப்பன் பேரு அவனுக்கு இருக்கட்டும்’னு சொல்லிட்டாவ. அதுக்கு அப்புறம் கப்பல் பக்கமே போகல, உப்பளத்துல கணக்கப்பிள்ளையாச் சேந்துட்டாவ. ஒரே ஒரு கொற. வருசா வருசம் நவம்பர் ரெண்டாந்தேதி, கல்லறைத் திருநாள் வந்தா அவிகளுக்குக் காய்ச்சல் வந்துரும். ஊரே கல்லறைத் தோட்டத்துல மெழுகுவர்த்தி கொளுத்தும், அப்பா மட்டும் போத்திப் படுத்துருப்பாவ. அந்தச் சமயம் பனி ஆரம்பிக்கும்லா, அவிய உடம்புக்குப் பனி ஆகாது.

அன்னைக்கு அண்ணன் பாடுதான் பாவம். எல்லாருக்கும் ஒரு கல்லறை இருக்கும். அண்ணனுக்கு அவிய அப்பாவுக்குன்னு ஒரு எடமில்ல. கடக்கரையில போயி மணல்ல ஒரு திரியக் குத்தி வச்சுக் கொளுத்தும். காத்துல அணையும். மறுபடி கொளுத்தும். நானும் கூடப் போயிருக்கேன். சின்னப் பிள்ளையில அது எனக்கு விளையாட்டு.

ரிட்டையர் ஆனதும் அண்ணன் தேட ஆரம்பிச்சாவ. ‘எங்கப்பா மண்ணுல கெடக்காரா தண்ணியில கெடக்காரான்னு மட்டும் தெரியணும் பிரிஜித்து’ன்னு சொன்னாவ. பம்பாய்க்கு எழுதுனாவ, லண்டனுக்கு எழுதுனாவ. சண்டையில கடல்ல போனவங்க பேரெல்லாம் எழுதி வச்ச புத்தகம் இருக்காம்லா, அதுல பேரு இருக்கான்னு கேட்டு எழுதுனாவ. கம்ப்யூட்டர் கடைப் பையனப் புடிச்சு வச்சுக்கிட்டு என்னென்னமோ தேடுனாவ. வருசக்கணக்கா. நான்தான் கேலி பண்ணுவேன். ‘அண்ணே, எழுவது வருசம் ஆச்சு, மீனு கூடச் செரிச்சிருக்கும்’னு. சிரிப்பாவ. அப்ப எனக்குப் பயம் இல்ல. சத்தியமா இல்ல.

பயம் வந்தது ஒரு ஞாயித்துக்கிழம. சாப்பாட்டுக்கு வந்திருந்தாவ. மீன்கொழம்பு ஊத்திக்கிட்டே சாதாரணமாக் கேட்டாவ: ‘ஏம் பிரிஜித்து, கஸ்பார் அப்பா அடியில கரி தள்ளிக்கிட்டு இருந்தாவ. எங்கப்பா மேல்தட்டுல அடுப்படியில. அந்த அமளியில அவிய முங்குனத இவிய எப்படிப் பாத்திருப்பாவ?’ அவ்வளவுதான். குத்தம் சொல்லிக் கேக்கல. வாத்தியாருல்லா, கணக்கு ஒதைக்குதேன்னு கேட்டாவ. ‘கூடவே இன்னொண்ணு தெரிஞ்சுது. அந்தக் கப்பல்ல இருந்து கொஞ்சம் பேர எதிரி தண்ணியில இருந்து தூக்கி, கைதியாக் கொண்டு போயிருக்கான். பேரு பட்டியல் கேட்டு எழுதிருக்கேன்.’

கரண்டி என் கையில இருந்து கீழ விழுந்துட்டு தாயி.

உனக்கு வெளங்குதா? சந்தியாகு அந்தச் சனவரிக்கு முன்னால செத்திருந்தா எங்கம்மா விதவை. கல்யாணம் கல்யாணந்தான். நான் முறையாப் பொறந்தவ. அதுக்குப் பொறவு ஒரு நாளு கூட, ஒரு நாளு, அவிய உசுரோட இருந்திருந்தா? புருசன் உசுரோட இருக்கையில இன்னொருத்தருக்குக் கழுத்த நீட்டுனவ எங்கம்மா. வேதப்புத்தகத்து மேல பொய் சொன்னவரு எங்கப்பா. நான் யாரு? சொல்லு, நான் யாரு?

சிரிக்காத. உன் காலத்துக்கு இது ஒண்ணுமில்லாததாத் தெரியும்.

பங்குச்சாமிகிட்ட கேட்டேன். இப்ப இருக்கது சின்னப் பையன். ‘என் சிநேகிதிக்கு ஒரு சந்தேகம் சாமி’ன்னு ஆரம்பிச்சேன். ‘சிநேகிதிய வரச் சொல்லுங்க பாட்டி’ன்னான். ‘அவ வெளியூரு’ன்னேன். என்ன ஒரு பார்வை பாத்துட்டு, ‘ரெண்டு பேர்ல ஒருத்தர் தெரியாமச் செஞ்சிருந்தாக் கூடப் பிள்ளைங்க மேல பழி இல்ல. உங்க... அந்தச் சிநேகிதிய நிம்மதியாத் தூங்கச் சொல்லுங்க’ன்னான். சட்டம் அப்படி இருக்கும். எங்க தெருக்காரி சட்டம் படிச்சிருக்காளா?

எங்க தெருக்காரி யாருன்னு எனக்குத் தெரியும். ஏன்னா அது நான்தான். பதினாறு வருசமா மாதா சபைக்குத் தலைவி. என் மகன் ரெனால்டு ஒரு பிள்ளையக் கட்டணும்னு நின்னான். நல்ல பிள்ள, நர்சு. கோயில் ரெஜிஸ்தர எடுத்துப் பாக்கச் சொன்னேன், அவ அம்மையும் அப்பனும் ஓலை வாசிச்ச பதிவே இல்ல. ‘முறையில்லாமப் பொறந்தது என் வீட்டு வாசப்படி ஏறாது’ன்னு அவ அம்மா முகத்துக்கு நேராச் சொன்னேன். சரியாத்தானே சொன்னேன்? அவன் மஸ்கட்டு போயி ஒம்பது வருசம் ஆச்சு. கிறிஸ்மஸுக்கு ஒரு போன். ‘நல்லா இருக்கியளாம்மா’ன்னு கேப்பான், வச்சிருவான். இப்ப அந்தத் தேதி தப்பா வந்தா அவன் என்ன கேப்பான்? என் வாசப்படிய நான் எப்படி ஏறுவேன்?

இது பழையகாயல். ஆளு ஏறுது. கொஞ்சம் மெதுவாப் பேசுவோம்.

பிப்ரவரி மாசம் தபால்காரன் வந்தான். இன்னாசி கர்வாலோன்னு பேரு போட்டுத் தடிச்ச கவரு, வெளிநாட்டுத் தலை போட்ட ஸ்டாம்பு. என் வீட்டுக்கு ஏன் வரணும்? கம்பெனிப் பழைய காயிதத்துல எல்லாம் எங்கம்மா இருந்த வீட்டு விலாசந்தான் இருக்கு, இப்ப நான் இருக்கது அங்கனதான். பொருந்தணும்னு அண்ணனும் அதையே குடுத்துட்டாவ. ‘வந்தா போன் போடு பிரிஜித்து, அடுத்த பஸ்ஸுல வந்துருதேன்’ன்னு சொல்லி வச்சிருந்தாவ.

போன் போடத்தான் எடுத்தேன். மாதா மேல ஆணை, போனு கையில இருந்துச்சு. என்ன எழுதிருக்குன்னு ஒரு கண்ணு பாத்துட்டுப் போடுவோமேன்னு பிரிச்சேன். நான் எட்டாப்பு, தமிழ் மட்டுந்தான். ஆனா நம்பரு தெரியும்லா. முதப் பக்கத்துலயே, பெருசா, 1945.

நாப்பத்தஞ்சு தாயி. நான் பொறந்த வருசம். அப்ப நான் பொறக்கையில அந்த மனுசன் எங்கயோ மூச்சு விட்டுக்கிட்டு இருந்திருக்காரு. எனக்குக் கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. அதுக்கு மேல ஒரு நம்பரும் பாக்கல. மடிச்சு, கவருக்குள்ள திணிச்சு, மச்சுல இருந்து கிறிஸ்மஸ் குடில் சாமான் பெட்டிய எறக்கி, வைக்கோலுக்கு அடியில, ஆட்டுக்குட்டி பொம்மைக்கெல்லாம் கீழ வச்சு மூடிட்டேன். டிசம்பர் வரைக்கும் ஒருத்தரும் அதத் தொட மாட்டாவ.

அண்ணன் ஞாயித்துக்கிழம தோறும் பூசை முடிஞ்சு போன் போடுவாவ. ‘தபால் ஏதும் வந்துச்சா?’ ‘இல்லண்ணே.’ அடுத்த ஞாயிறு. ‘வந்துச்சா?’ ‘இல்லண்ணே.’ முதல்ல நாக்கு ஒட்டிக்கிடும். பொறவு பழகிட்டு. அது பொய்யும் இல்ல பாத்துக்க. படிக்காத கடுதாசி வந்த கணக்குல சேருமா? கொஞ்ச நாள் போகட்டும், தெம்பு வந்ததும் குடுப்போம்னுதான் இருந்தேன். அண்ணனுக்கு வீசிங் மட்டுந்தான், சாகுற நோயா அது? அக்டோபர்ல மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில போட்டாவ. பாக்கப் போனேன். மூக்குல குழாய். அண்ணன் வீட்டுக்காரி சலேத் மயினி வெளிய காப்பி வாங்கப் போன நேரம் பாத்து, என் கையப் புடிச்சு இழுத்தாவ. பேச முடியல. கையால இப்படிக் காட்டுனாவ, கடுதாசி பிரிக்கிற மாதிரி.

நான் தலைய ஆட்டுனேன். இல்லன்னு ஆட்டுனேன்.

மூணாம் நாள் போயிட்டாவ.

தண்ணி இருந்தா ஒரு மொடக்கு குடு தாயி.

நேத்து ராத்திரி... இல்ல, அத விடு. காலையில பெட்டிய எறக்கி எடுத்துட்டு வந்துட்டேன். இனிமே அண்ணனுக்குப் பயப்பட வேண்டியதில்ல. ஆனா அந்தத் தேதி மட்டும் எனக்குத் தெரியணும். தெரியாம இந்தப் பூசையில போயி என்னால முழங்கால் போட முடியாது. ஆறுமுகநேரி போயாச்சா? காயல்பட்டினமே வந்துட்டா? அடப்பாவமே. சரி, இந்தா. புடி. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிடுதேன்.

படி. மெதுவா. சத்தம் இல்லாம, என் காதுக்கு மட்டும்.

ஆமா, சந்தியாகு கர்வாலோ. ஆமா, பண்டாரி. கப்பல் பேரு அதேதான். அப்ப... தண்ணியில சாகலையா? எதிரிக் கப்பல்காரனே தூக்கிட்டானா? எங்க கொண்டு போனான்? ஜப்பானா? கைதிக் கேம்பு. ஆண்டவரே. அண்ணன் சொன்னது சரி. கரெக்டாச் சொன்னாவ. மேல போ. நிமோனியாவா? எப்ப? தேதி. தேதியச் சொல்லு. கண்ண மூடிட்டேன், சொல்லு.

திரும்பச் சொல்லு.

டிசம்பர் பத்தொம்பது. நாப்பத்தி... மூணா? மூணுதானா? நல்லாப் பாத்துச் சொல்லு, அஞ்சு இல்லையே? அப்ப இங்கன 1945ன்னு கெடக்கே, இது என்னது? இது... சண்ட நடந்த வருசமா? முப்பத்தொம்பதுல இருந்து நாப்பத்தஞ்சு வரைக்கும். அந்தச் சண்டையில செத்தவங்க எல்லாருக்கும் இப்படித்தான் போடுவானா? எல்லாக் கடுதாசியிலயும்? யாரு கடுதாசியா இருந்தாலும்?

இரு. இரு, எண்ணிக்கிடுதேன். டிசம்பர்ல பன்னெண்டு நாளு, சனவரியில இருவத்திநாலு. முப்பத்தாறு! முப்பத்தாறு நாள் தாயி! முதல் ஓலைக்கே பதினாலு நாள் முன்னால! எங்கம்மா விதவை. சுத்தமான விதவை. நான் கஸ்பார் வாஸ் மக, கோயிலறிய, ஊரறிய, முறையாப் பொறந்தவ! மாதாவே, உனக்கு நூறு மெழுகுவர்த்தி. உன் கையக் குடு தாயி, முத்திக்கிடுதேன். அவன் பாத்தா பாக்கட்டும், கண்டக்டர் பய. நீ நல்லா இருப்ப. உன் பிள்ளைங்க நல்லா இருக்கும்.

என்ன? இன்னும் இருக்கா? படியேன், இனிமே எனக்கு என்ன பயம்?

கல்லறை இருக்கா.

நம்பரோடயா? எந்த வரிசை? பேரு வெட்டுன கல்லு. ஜப்பான்ல. போட்டோ வேணும்னா அனுப்புவாவளா. கல்லுல ஒரு வரி எழுதணும்னா குடும்பத்துக்காரங்க சொல்லலாமா.

அது என்ன, கேம்புல எழுதுன சீட்டு? கைதியப் புடிச்சதும் எழுதுவானா? அவரு சொன்னத எழுதுனதா? படி. மனைவி மதலேன். தூத்துக்குடி. மகன்...

மகன் இன்னாசின்னு இருக்கா?

அப்படியேவா இருக்கு? ‘மகன் இன்னாசி, வயது இரண்டு’ன்னு?

எங்கண்ணன் எழுவத்திமூணு வயசு வரைக்கும் மணல்ல திரி குத்துனாவ தாயி. அவியளுக்குன்னு ஒரு கல்லு நின்னுக்கிட்டு இருந்திருக்கு. இந்த ஒம்பது மாசமும் அது என் மச்சுல கெடந்துச்சு. பாஸ்போட்டு வாங்கி வச்சிருந்தாவ தெரியுமா? ‘எந்த நாடுன்னு தெரியாமலே வாங்கிட்டாரு பாரு’ன்னு மயினி சிரிப்பா. நான் முதல்ல நாள எண்ணுனேன். நீ பாத்தேல்லா, முதல்ல நாளத்தானே எண்ணுனேன். எங்கப்பா சத்தியம் பண்ணுன அன்னைக்கு அந்த மனுசன் உசுரோட இருமிக்கிட்டுக் கெடந்திருக்காரு. எங்கப்பா உசுரோட இருந்தவனச் சாகடிச்சாவ. நான் செத்தவன ஒளிச்சு வச்சேன். எல்லாம் ஒரே ஒரு கல்யாணத்துக்கு, அதுவும் சரியா நடந்த கல்யாணத்துக்கு.

இல்ல, அழல. கண்ணுல மண்ணு.

மயினிகிட்ட இதக் குடுத்துருதேன். குடுக்கத்தான் வேணும். பூசை முடிஞ்சு கையில குடுத்து, ‘மயினி, கல்லறை கெடச்சிட்டு, நீங்களாவது போய் ஒரு திரி கொளுத்துங்க’ன்னு சொல்லிருதேன். நேத்துத்தான் தபால்ல வந்துச்சுன்னு சொல்லிக்கிடலாம். வெளிநாட்டுத் தபால் லேட்டாகும்லா. செத்து ஒரு மாசம் கழிச்சு வந்துச்சேன்னு ரெண்டு பேரும் சேந்து அழுதுக்கிடுவோம். அதுல யாருக்கு என்ன நட்டம்?

ஏன் தாயி அப்படிப் பாக்கே?

கவர ஏன் திருப்பித் திருப்பிப் பாக்கே? முத்திரையா? அதுல தேதி இருக்கா? பிப்ரவரின்னு தெளிவாத் தெரியுதா? மயினி பத்தாப்பு படிச்சவ. கண்ணாடி கூடப் போட மாட்டா. சரி, ஒண்ணு செய்வோம். கவர நீ கொண்டு போயிரு. எறங்குற எடத்துல குப்பையில போட்டுரு. கடுதாசிய மட்டும் நான் வச்சுக்கிடுதேன். வேண்டாமா? உனக்கு எதுக்கு வம்புன்னு பாக்கியா? சரி சரி, குடு, நானே போட்டுக்கிடுதேன்.

திருச்செந்தூர் வந்துட்டு. எறங்கு, எறங்கு, புண்ணியமாப் போச்சு உனக்கு. பைய மறந்துராத. அந்தப் பேப்பரும்.

இந்தா, தாயி, ஒரு நிமிசம். கண்டக்டரே, ஒரு நிமிசம் நிறுத்துங்கய்யா, பிள்ள எறங்கல இன்னும். கடுதாசிக்கு மேலயும் தேதி போட்டிருப்பானா? எழுதுன அன்னைக்கு உள்ள தேதி? எங்கன? இதுல நெறய நம்பரு கெடக்கு, எனக்குப் புரியல. எதுன்னு ஒரு விரல வச்சுக் காட்டிட்டுப் போ. கிழிக்க எல்லாம் மாட்டேன்.